டேட்டிங் ஆப்பும் மூன்று கல் அடுப்பும்

1960-ஆம் வருடம் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் அச்சிட்ட விலைப்பட்டியலில் இருந்த டிவிகளிலேயே எடை குறைந்தது 38 பவுண்டு. நம் கணக்கில் 17 கிலோ. பத்து வருடம் கழித்து வந்த பட்டியலில் அது 15 பவுண்டாக இளைத்துவிட்டது. ஏழு கிலோகூட வராது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

டேட்டிங் ஆப் பற்றிய கட்டுரையில் டிவிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த எடைக் கணக்கைத் தேடி எடுத்துப் போட்டவர்கள் குற்றங்களை ஆராய்கிறவர்கள். லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் 1979-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இது வருகிறது. அவர்களை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி எளிமையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வருமானம் கூடியது, படிப்பு கூடியது. வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்றால் குற்றம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1960-க்கும் 1975-க்கும் இடையில் வழிப்பறி மட்டும் 263 சதவீதம் ஏறியிருந்தது. எப்படி?

மனிதர்கள் திடீரென்று கெட்டுப்போய்விட்டார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அன்றாட வாழ்க்கையின் ஓட்டம் மாறியதைக் காட்டினார்கள். பெண்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போகத் தொடங்கியதில் பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. வீட்டுக்குள் இருந்த சாமான்களோ விலை கூடி, எடை குறைந்துகொண்டே வந்தன. திருடன் பழைய திருடனாகவே இருந்தாலும் போதும், அவனுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது.

இதிலிருந்து அவர்கள் சொன்னது இதுதான். ஒரு குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். செய்யத் துணிந்த ஒரு ஆள். அவன் கண்ணுக்குத் தோதாகப் படுகிற ஒரு இலக்கு. தடுக்கக்கூடிய காவல் அந்த இடத்தில் இல்லாதது. கிராமத்து மூன்று கல் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கல்லும் இருந்தால்தான் பானை உட்காரும். எந்த ஒன்றை உருவினாலும் கவிழ்ந்துவிடும். இதற்கு அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாடு என்று பெயர். குற்றவியல் படிக்கிற மாணவர்கள் முதல் வருடத்திலேயே எழுதிப் பார்த்துவிடுகிற பெயர்தான்.

மூன்றாவது கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காவல் என்றதும் போலீஸ் ஞாபகத்துக்கு வரும். ஃபெல்சன் சொல்வது அவர்களை அல்ல. குற்றம் நடக்கிற நேரத்தில் போலீஸ் அங்கே நிற்பது அபூர்வம். பெரும்பாலும் குற்றத்தைத் தடுப்பது சாதாரண ஆட்கள், அதுவும் தாங்கள் தடுக்கிறோம் என்றே தெரியாமல். தெருமுனையில் பூக்கட்டுகிற அம்மா, மாடியில் துணி காயப்போடுகிற அத்தை, "ஏய், எங்கடி கிளம்பிட்ட?" என்று கேட்கிற ஹாஸ்டல் அறைத்தோழி. இவர்கள்தான் அந்தக் காவல். கட்டுரை முழுக்க இந்த மூன்றாவது கல்லைச் சுற்றியேதான் வரப்போகிறேன்.

நடுவில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

டிண்டர் என்ற டேட்டிங் ஆப் 2012-ல் வந்தது. அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில்தான் அது முதலில் பற்றிக்கொண்டது. மாணவர் விடுதிகளுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். அப்புறம் பம்பிள், ஹிஞ்ச் என்று வரிசையாக வந்தன. பியூ ஆய்வு மையம் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில், 18 முதல் 29 வயதுக்குட்பட்ட அமெரிக்கர்களில் 48 சதவீதம் பேர் டேட்டிங் தளத்தையோ ஆப்பையோ ஒரு முறையாவது பயன்படுத்தியிருந்தார்கள்.

என்னை அதைவிட யோசிக்க வைத்தது இன்னொரு கணக்கு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்க ஜோடிகள் எப்படிச் சந்தித்தார்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுவந்திருக்கிறார்கள். 1995-ல் சேர்ந்த ஆண்-பெண் ஜோடிகளில் 33 சதவீதம் பேர் நண்பர்கள் வழியாகச் சந்தித்தவர்கள். 2017-ல் அது 20 சதவீதமாக இறங்கிவிட்டது. அந்த வருடம் சேர்ந்தவர்களில் 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்திருந்தார்கள். நடுவில் நின்று அறிமுகம் செய்துவைத்த ஆள் கழன்றுகொண்டார்.

அந்த ஆள் வெறும் அறிமுகம் மட்டும் செய்யவில்லை. நண்பன் மூலமாக வந்தவனைப் பற்றி "மச்சான், ஆள் எப்படி?" என்று கேட்க முடியும். அவன் தப்பாக நடந்தால் நாளைக்கு அதே கூட்டத்தில் முகம் காட்ட வேண்டும், அந்தப் பயம் அவனுக்கு இருக்கும். நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது பையன் வேலை பார்க்கிற ஊருக்கு ஒரு மாமாவை 'விசாரிக்க' அனுப்புவார்களே, அதுவும் இதே வேலைதான். (அந்த மாமா சாதியையும் சேர்த்துத்தான் விசாரித்தார் என்பதால் அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை.) ஆப்பில் மேட்ச் ஆனவருக்கும் (இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று தட்டினால் அது மேட்ச்) உங்களுக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரு ஜீவன்கூட இல்லாமல் போகலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடம் தவறாமல் சொல்கின்றன. அப்படியென்றால் ஆப்பில் வருகிற அந்நியன் ஆபத்து குறைந்தவனா? அப்படி இல்லை. ஆப் செய்வதே அந்நியனை அவசரமாகத் 'தெரிந்தவன்' ஆக்குவதுதான். இரண்டு வாரம் ராத்திரி ஒரு மணி வரை சாட் செய்தபிறகு அவன் உங்களுக்குத் தெரிந்தவன். அவனுக்குப் பிடித்த பிரியாணிக் கடைகூடத் தெரியும். ஆனால் உங்களைத் தெரிந்த யாருக்கும் அவனைத் தெரியாது. தெரிந்தவன் மேல் வருகிற நம்பிக்கை வந்துவிடுகிறது. தெரிந்தவனைச் சுற்றி வழக்கமாக இருக்கிற காவல் மட்டும் கூட வருவதில்லை.

இலக்கு என்பது அவன் கண்ணில்

இரண்டாவது கல்லை இப்போது பார்ப்போம். ஒரு திருடன் பொருளைப் பார்க்கும்போது நான்கு கேள்வி கேட்டுக்கொள்வான் என்று கோஹனும் ஃபெல்சனும் பிரித்தார்கள். இதற்கு மதிப்பு உண்டா? தூக்க முடியுமா? கண்ணில் படுகிறதா? கிட்டே போக வழி இருக்கிறதா? டிவி எடை வந்தது இரண்டாவது கேள்விக்காக.

ஒரு மாணவியின் ப்ரொஃபைலை இந்த நான்கு கேள்வியோடு பார்க்கலாம். இது கற்பனையானதுதான், ஆனால் இந்த மாதிரி நூறு இருக்கும். முதல் படத்தில் கழுத்தில் ஐடி கார்டு பட்டை தெரிகிறது. பட்டையின் நிறத்தை வைத்தே எந்தக் கல்லூரி என்று உள்ளூர் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது படம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் எடுத்தது, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வங்கியின் பெயர்ப்பலகை. கீழே "செகண்ட் இயர் சிஎஸ்இ, ஊர் தேனி, இங்கே புதுசு". அதற்கும் கீழே ஆப்பே தன் பங்குக்கு "2 கிலோமீட்டர் தொலைவில்" என்று போட்டுவிடுகிறது. நல்லவன் இதைப் படித்தால் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்கிறான். கெட்ட எண்ணத்தோடு படிக்கிறவன் வேறு வாசிக்கிறான்: தனியாக இருக்கிறாள், ஊரில் சொந்தம் இல்லை, எங்கே போய் நின்றால் பார்க்கலாம்.

அந்த "2 கிலோமீட்டர்" சும்மா ஒரு எண்தானே என்று தோன்றும். 2014 பிப்ரவரியில் இன்க்ளூட் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் டிண்டரைப் பற்றி ஒரு விஷயத்தை வெளியே சொன்னது. திரையில் தூரம் முழு எண்ணாகத் தெரிந்தாலும், பின்னால் ஆப் அனுப்பிக்கொண்டிருந்த தகவலில் அது பல தசம இடங்கள் வரை துல்லியமாக இருந்தது. இதை வைத்து என்ன செய்யலாம்? ஒருவன் தன் போனின் இருப்பிடத்தைப் பொய்யாகத் தாம்பரம் என்று காட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கிருந்து இத்தனை தூரம் என்று வருகிறது. தாம்பரத்தை மையமாக வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போடுகிறான்; நீங்கள் அந்த வட்டக்கோட்டில் எங்கோ இருக்கிறீர்கள். அடுத்து ஆவடி என்று மாற்றி இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் இரண்டு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவதாகத் திருவான்மியூரிலிருந்து ஒன்று போட்டால் மிச்சம் ஒரே புள்ளி. நூறு அடிக்குள் ஆளைக் குறித்துவிடலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. பத்தாம் வகுப்பு காம்பஸ் கணக்கு, அவ்வளவுதான். அந்த ஓட்டையை டிண்டர் அடைத்துவிட்டது. 2021-ல் பம்பிளிலும் இதே ரக ஓட்டை ஒன்று வெளிவந்து, அதுவும் சரிசெய்யப்பட்டது. ஓட்டை அடைபட்டதை நம்பி ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்தபடி இருப்பிடத்தைத் திறந்துவைப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய வினையைச் சொல்லியாக வேண்டும். 'தோதான இலக்கு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைப் போடுவது மிகச் சுலபம், குற்றவியலே அதைச் செய்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் நடந்த 588 கொலைகளை ஆராய்ந்த மார்வின் உல்ஃப்கேங், 1958-ல், அவற்றில் நான்கில் ஒரு பங்கில் செத்தவர்தான் முதலில் கை ஓங்கியவர் என்று எழுதினார். அது அடிதடிக்குப் பொருந்தும். அவருடைய மாணவர் மெனாகெம் அமீர் அதே அளவுகோலை 1971-ல் பாலியல் வன்கொடுமைக்குக் கொண்டுபோய், 19 சதவீத வழக்குகளில் பெண்ணே தூண்டினாள் என்று கணக்குப் போட்டார். பெண்ணியவாதிகள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், சரியாகவே. மெல்லிய டிவியைச் செய்தவன் மேல் யாரும் திருட்டு வழக்குப் போடுவதில்லை. இலக்கு என்பது குற்றவாளியின் கண்ணில் இருக்கிற விஷயம். அவன் எப்படிப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கோட்பாடு, நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்பதற்கு இல்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

பியூவின் அதே கணக்கெடுப்பில், ஆப் பயன்படுத்திய 18 முதல் 34 வயதுப் பெண்களில் 60 சதவீதம் பேர், விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒருவர் விடாமல் தொடர்புகொண்டார் என்றார்கள். 57 சதவீதம் பேருக்குக் கேட்காமலே ஆபாசப் படமோ செய்தியோ வந்திருந்தது. 19 சதவீதம் பேருக்கு அடிப்பேன், தாக்குவேன் என்ற ரீதியில் மிரட்டல். ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட பத்தாயிரம் ஆப் பயனாளர்களிடம் கேட்டது. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில், ஆப்பில் சந்தித்தவர்களால் இணையம் வழியாக ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக நான்கில் மூன்று பேர் வரை சொன்னார்கள். நேரில் ஆளானதாக மூன்றில் ஒருவர்.

இன்னொன்று இவற்றையெல்லாம்விடக் கனமானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் ஜூலி வாலன்டைனும் குழுவினரும் 2017 முதல் 2020 வரை நடந்த மருத்துவத் தடயப் பரிசோதனைப் பதிவேடுகளை எடுத்துப் படித்தார்கள். தெரிந்தவரால் நடந்த 1,968 பாலியல் தாக்குதல்களில் 14 சதவீதம், டேட்டிங் ஆப் வழியாக ஏற்பாடான முதல் சந்திப்பிலேயே நடந்தவை. அந்தச் சந்திப்புகளில் கழுத்தை நெரிப்பது மற்றவற்றைவிட அதிகம்: ஏறக்குறைய மூன்றில் ஒன்று. மற்றவற்றில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். பாதிக்கப்பட்டவர்களில் கல்லூரி மாணவர்களின் பங்கும் கூடுதலாக இருந்தது. சிலர் ஆப்பை வேட்டைக் களமாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

இதைப் படித்துவிட்டு ஆப் இருந்தால் ஆபத்து என்று ஒரே கோடாகப் போட்டுவிடக் கூடாது. குடை விற்பனை கூடுகிற மாதங்களில் ஜலதோஷமும் கூடும். குடையா ஜலதோஷம் தருகிறது? ஆப் வைத்திருப்பவர்கள் பொதுவாகவே இளவயதினர், அதிகம் வெளியே போகிறவர்கள், புது ஆட்களை அதிகம் சந்திக்கிறவர்கள். ஆப் இல்லாமலே அவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடத்தான் இருக்கும். 1978-ல் ஹின்டலாங், காட்ஃப்ரெட்சன், கரஃபாலோ என்ற மூவர் எழுதிய வாழ்க்கைமுறைக் கோட்பாடு இதைத்தான் பேசுகிறது: நீங்கள் யாரோடு, எங்கே, எந்த நேரத்தில் பொழுதைக் கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறி இறங்கும். அப்புறம், ஆஸ்திரேலிய ஆய்வு போன்றவை தானாக முன்வந்து பதில் சொன்னவர்களை வைத்தவை. அடிபட்டவர்களுக்குப் பேச ஆர்வம் கூடுதலாக இருக்கும். எண்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை; அவற்றின் எடை தெரிந்து தூக்கச் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர்கள் ஏன் தனியாகத் தெரிகிறார்கள் என்பதற்குக் கோட்பாடு தேவையே இல்லை. பதினெட்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெரியாத ஊரில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் கல்வியாண்டு தொடங்கும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மாதங்களைச் 'சிவப்பு மண்டலம்' என்றே அழைக்கிறார்கள். வளாகப் பாலியல் தாக்குதல்களில் பாதிக்கு மேல் அந்த நாட்களில் விழுகின்றன. புதிய இடம், புதிய சுதந்திரம், இன்னும் நண்பர்கள் ஆகாத அறைத்தோழர்கள். மூன்றாவது கல் தானாகவே கழன்று கிடக்கிற காலம் அது.

செய்யத் துணிந்த ஆள்

முதல் கல்லைப் பற்றித் திருநெல்வேலியிலிருந்து ஒரு விளக்கம் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் இருந்த கே. ஜெய்சங்கர் 2008-ல் இடமாற்றக் கோட்பாடு என்று ஒன்றை எழுதினார். நிஜ வெளியிலிருந்து இணைய வெளிக்குப் போகும்போது மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பது அதன் சாரம். ஊரில் அந்தஸ்து, மரியாதை என்று அடக்கி வைத்திருப்பதை அங்கே அவிழ்த்துவிடுகிறார்கள். அடையாளத்தை மாற்றிக்கொள்ளலாம், மாட்டிக்கொள்ளும் பயம் குறைவு. தெருவில் தலை குனிந்து நடக்கிற பையன், மேட்ச் ஆன பத்தாவது நிமிடத்தில் எழுதுகிற வார்த்தைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆப்பின் அமைப்பும் இதற்கு ஒத்துழைத்தது. டிண்டரில் ஒருவர் மேட்சை நீக்கினால் சாட் முழுக்க எதிராளியின் போனிலிருந்தும் மறைந்துவிடும். தொல்லை கொடுத்தவனே மேட்சை நீக்கிவிட்டால் புகார் கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது. ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி 2020-ல் இதை அம்பலப்படுத்திய பிறகுதான், நீக்கிய மேட்சின் மேலும் புகார் தரும் வழியைப் பெரிதாகத் திறந்துவைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ப்ரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகப் புலனாய்வுப் பத்திரிகையாளர்களும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். மேட்ச் குழுமம் தன் கட்டணத் தளத்தில் பாலியல் குற்றவாளிப் பட்டியலோடு பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தது. டிண்டர், ஓகேக்யூபிட் போன்ற அதன் இலவசத் தளங்களில் பார்க்கவில்லை. காவல் இருக்கிறது, காசு கட்டினால். வேறு எப்படிச் சொல்வது?

நம் ஊரில் இந்தக் கல் பல உருவத்தில் வருகிறது, பெண்களை மட்டும் குறிவைத்தும் இல்லை. 2024 ஜூனில் டெல்லியில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர், டிண்டரில் பழகிய பெண் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று சொன்ன காஃபேவுக்குப் போனார். கொஞ்சம் தின்பண்டம், இரண்டு கேக், சில குளிர்பானம். வீட்டில் அவசரம் என்று அந்தப் பெண் எழுந்து போய்விட, பில் வந்தது: 1,20,000 ரூபாய்க்கு மேல். கட்டும்வரை மிரட்டி உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 15 சதவீதம், மிச்சம் மேலாளர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்டதாகப் போலீஸ் சொன்னது. பொது இடத்தில் சந்தியுங்கள் என்ற பொன்விதியை அந்தப் பையன் அப்படியே பின்பற்றியிருந்தார் பாருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது எதிர்த்தரப்பு. இடத்தை நடத்துகிறவனும் அவர்கள் ஆள். காவல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டாளி உட்கார்ந்திருந்தான்.

ஆண்களை விரும்பும் ஆண்களின் நிலை இதைவிடக் கஷ்டம். ஆப்பில் கூப்பிட்டு, ஆளில்லாத இடத்தில் நாலு பேராகச் சூழ்ந்து, போனையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்" என்று மேலும் கறக்கிற கும்பல்கள் நம் நகரங்களில் உண்டு. தன்பாலின உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கும்பலுக்குச் சட்டப் பிரிவு தேவையில்லை. "வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

அந்த ஒரு வாக்கியம்

நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். அமெரிக்க ஆய்வுகள் மூன்றாவது கல்லைப் பற்றிப் பேசும்போது கூட யாரும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நம் ஊரில் ஆள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்ல முடியாது.

ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு அவுட்டிங் ரெஜிஸ்டர் ஞாபகம் இருக்கும். பெயர், அறை எண், போகும் நேரம், திரும்பும் நேரம், போகும் இடம். கடைசிக் கட்டத்தில் பாதிப் பேர் எழுதுவது "லோக்கல் கார்டியன் வீடு". எங்கள் ஹாஸ்டலில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினொரு பேர் லோக்கல் கார்டியன் வீட்டுக்குப் போனதாக எழுதியிருந்தோம். எனக்குத் தெரிந்து அந்தப் பதினொரு பேரில் மூன்று பேருக்குத்தான் அந்த ஊரில் சொந்தமே இருந்தது. கோட்பாட்டில் வருகிற ஆங்கில வார்த்தையும் அதே கார்டியன்தான் என்று பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் அனுமதி கிடையாது, ஊருக்குப் போன் போகும். அதனால் காவலுக்கென்று வைத்த ரெஜிஸ்டரே, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மறைக்கிற ஏடாகிவிடுகிறது.

மிரட்டுகிறவன் நம்பி நிற்பது இதைத்தான். பொள்ளாச்சியில் நடந்தது டேட்டிங் ஆப் இல்லை. பழக்கத்தை முகநூலில் தொடங்கினார்கள். ஆனால் சூத்திரம் ஒன்றுதான்: பழகு, தனியாக அழை, வீடியோ எடு, வெளியே விடுவேன் என்று மிரட்டு. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்ததில்தான் அது வெளியே வந்தது. அதற்கு முன் பல பெண்கள் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடிய நிலைமையில் வைக்கப்படவில்லை. புகார் கொடுத்த பெண்ணின் பெயரோ, மறைக்க வேண்டிய அரசாணையிலேயே வெளியாகி, உயர் நீதிமன்றம் கண்டித்து இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. ஆறு வருடம். பெயரை வெளியிடுவதே குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு இன்று சொல்கிறது. பழைய சட்டத்திலும் அது குற்றம்தான்.

ஆகவே யாராவது என்னிடம் ஆப்பில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று கேட்டால், முதலில் பாஸ்வேர்டைப் பற்றிப் பேச மாட்டேன். உங்களைத் திட்டாத ஒரு ஆள் யார் என்று கேட்பேன். அக்கா, சித்தி மகள், பக்கத்து அறை, யாராவது. யாரைச் சந்திக்கிறீர்கள், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை அவருக்குப் போட்டுவிட்டுப் போகலாம். நேரில் போவதற்கு முன் ஒரு வீடியோ கால் பேசிவிடுவது நல்லது, படத்தில் இருக்கிற ஆள்தானா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பொது இடம்தான், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கிற பொது இடம், நீங்களே வந்து நீங்களே திரும்புகிற ஏற்பாட்டோடு. ப்ரொஃபைல் படத்தில் ஐடி கார்டும் ஹாஸ்டல் ஜன்னலும் வேண்டாம். எதிராளி மோசமாகப் பேசத் தொடங்கினால் பிளாக் செய்வதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் செய்த பிறகு எடுக்க எதுவும் இருக்காது.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்கவே கூடாது. ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடி வருவார்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். அந்தரங்கப் படம் பரவுமோ என்று பயந்தால் ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது. அது படத்தை வாங்கிக்கொள்வதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு கைரேகை மாதிரியான குறியீட்டை உண்டாக்கி, அதை மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம், பம்பிள் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பும். அந்தப் படத்தை யாராவது ஏற்ற முயன்றால் அங்கேயே அடையாளம் கண்டு நிறுத்திவிடலாம்.

கடைக்காரர்களும் இதில் ஒரு கை கொடுக்கலாம். இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் 2016-ல் மதுக்கூடங்களின் கழிவறைகளில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். சந்திக்க வந்த ஆள் சரியில்லை என்று தோன்றினால் கவுன்டரில் போய் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேளுங்கள். அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். ஊழியர் புரிந்துகொண்டு பின்வழியாக வெளியே அனுப்பி டாக்ஸி பிடித்துக் கொடுப்பார். டெல்லி காஃபேயின் நேர் எதிர்ப்பக்கம்.

எங்கள் அறையிலும் அப்படி ஒன்று இருந்தது, ஏஞ்சலாவைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்னால். நாலு பேர் தங்கியிருந்தோம். வெளியே யாரையாவது பார்க்கப் போனால், ரெஜிஸ்டரில் வழக்கம்போல லோக்கல் கார்டியன் வீடு. ஆனால் அலமாரியில் இருந்த கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர், போன் நம்பர், இடம், திரும்பும் நேரம் நான்கையும் எழுதிவைத்துவிட்டுத்தான் செருப்பைப் போட வேண்டும். அங்கே போய் எதுவோ சரியில்லை என்று பட்டால் "மாவு புளிச்சிடுச்சா?" என்று ஒரு மெசேஜ். அடுத்த நிமிடம் அறையிலிருந்து போன் போகும், "வார்டன் தேடறாங்க, உடனே வா" என்று. மூன்று வருடத்தில் இரண்டு முறை மாவு புளித்தது.